வாயில்லாதவற்றுக்கு வசனம்

ஓசூர், பாகலூர் ரோட்டில்
ரோஜா நாற்றுக்கடைக்கு மேலே என் அறை.
கீழே திம்மராயப்பா மோட்டார் போட்டால்
மேலே என் ஜப்பான் ஆறு நடுங்கும்.

திரையில் ஓர் ஆற்றுப் பிராணி.
முதுகில் ஆமை ஓடு, வாத்துக் கால்,
உச்சந்தலையில் ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர்.
அதன் பலம், திமிர் எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.
எதிரே நிற்பவன் குனிந்து வணங்கினால்
மரியாதைக்கு அதுவும் குனியும்.
சிந்திவிடும்.

'பேய்' என்று எழுதி அனுப்பினேன்.
சென்னையிலிருந்து ஜெபக்குமார்:
"பேய் எங்கயாவது வெள்ளரிக்காய் திங்குமா மேடம்?"
பூதம் என்றால் புதையல் காக்க வேண்டும்.
முனிக்கு இங்கே கோயில் இருக்கிறது,
கிடாவும் சுருட்டும் வாங்குகிற சாமியை
கார்ட்டூனில் விட எனக்குத் தைரியமில்லை.
கடைசியில் அவர்கள் சொல்கிறபடியே
கப்பா.
திம்மராயப்பா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
அவர்கள் தெலுங்கில் கப்ப என்றால் தவளையாம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.
கெலவரப்பள்ளியில் நுரை பொங்கி
ரோடு வரை வந்த வாரம் அது.
இங்கே வந்தால் தலைக்குழியில்
எதை ரொப்பிக்கொள்ளும் என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இந்த வேலையில் எதிரி வாயசைவுதான்.
அவர்கள் பேசி வாயை மூடிய பிறகும்
தமிழ் ஓடிக்கொண்டே இருக்கும்.
'மன்னித்துக்கொள்ளுங்கள்' முடிவதற்குள்
மன்னித்துவிட்டுப் போயே விடுகிறார்கள்.
அதனால் எனக்குப் பிடித்தது முகமில்லாதது:
உரித்த முட்டை மாதிரி மொழுமொழுவென்று
கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.
எவ்வளவு நீள வசனமும் உட்காரும்.

பதினோராம் பாகத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

நூறு வயது நிறைந்தால்
வீட்டுச் சாமானுக்கு உயிர் வந்துவிடுமாம்.
அதனால் வருடக் கடைசியில் ஒட்டடை அடிக்கும்போது
தொண்ணூற்றொன்பது ஆனதையெல்லாம்
தெருவில் எறிகிறார்கள்.
ராத்திரி அவை எழுந்திருக்கின்றன.
ஒற்றைக் கண், ஒற்றைக் கால் குடை,
வைக்கோல் செருப்பு,
விரிசல் விட்ட சோற்றுப்பானை.

நிறுத்தினேன்.
பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.

ஜப்பானியம் எனக்கு வந்தது சிப்காட்டில்,
பிரேக் ஒயர் லைனில்.
கம்பெனியே வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுத்தது.
சுவரில் ஐந்து வார்த்தை, அடியில் தமிழ்.
முதல் வார்த்தைக்கு அர்த்தம்:
வேண்டாததை அப்புறப்படுத்து.

நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தால்
நிரந்தரம் கேட்கலாம்.
நானூற்று எழுபத்தொன்று முடிந்த மறுநாள் காலை
கேட்டில் கார்டு தேய்த்தோம்.
பதினேழு பேருக்கும் சிவப்பு விளக்கு.
கௌரம்மா கார்டைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள்.
பென்னாகரத்துச் செவ்வந்தி
டிபன் பாக்ஸைத் திறந்து அங்கேயே சாப்பிட்டாள்,
புளிச்சாதம், வீணாகக் கூடாதென்று.

குடைக்கு அந்தக் காட்சியில் ஒரே ஒரு வசனம்.
இரண்டு விநாடி. நாக்கு வெளியே தொங்குகிறது.
மூலத்தில் சும்மா ஒரு உறுமல் மாதிரி.
நான் எழுதினேன்:
"இன்னும் ஒன்பது நாள்தானே இருந்தது."

ஜெபக்குமார் கூப்பிட்டார்.
"சின்னத் தப்பு மேடம். ஒரு வருஷம்னு வரணும்.
திருத்திட்டேன்."
சரி என்றேன். அவர் சொன்னது சரிதான்.

பானைக்கும் செருப்புக்கும் வாயே வரையவில்லை.
ஊர்வலம் பாலம் தாண்டும் இடத்தில்
'கூட்டச் சத்தம், நாற்பது விநாடி' என்றிருந்தது.
கூட்டச் சத்தத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.
கௌரம்மா, ஷபானா, செவ்வந்தி, முனிலட்சுமி
என்று தொடங்கி
பதினாறு பேர் எழுதினேன்.
என் பேரையும் போட்டேன்.
இரண்டு விநாடி மிச்சமிருந்தது.
வாட்ச்மேன் பேரையும் போட்டேன்;
அன்றைக்கு அவர்தான்
எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்.