நாலடிச் சந்து

"ஓடுது, ஆனா குளிரலை."
கத்திரி பிறந்தால் என் போனில்
காலையிலிருந்து இதே மூன்று சொல்.
கண்டனூர் என்றார் சாத்தப்பன்.
ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

இரண்டாம் கட்டில் தடுத்தெடுத்த அறை.
ரிமோட்டில் பதினாறு, அறைக்குள் முப்பத்தொன்று.
பில்டரைக் கழற்றினேன், பளிச்சென்று இருந்தது.
"வெள்ளிக்கு வெள்ளி கழுவுறேன்" என்றார் உமையாள்,
மார்க்கு குறைந்த பேப்பரைத் திருப்பிக் கேட்கும் குரலில்.
கதவிடுக்கில் பழைய வேட்டி சுருட்டி அடைத்திருந்தது.
மேல் சாளரத்துக் கண்ணாடி நாலும் முழுசு.
யாரோ ஒருத்தன் இரண்டு தடவை
கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான்,
தடவைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
நட்டு நட்டாகச் சோப்பு நுரை பூசிப் பார்த்தேன்.
ஒரு குமிழி எழவில்லை.
ஒழுகாத குடத்துக்கு எதற்கு இரண்டு முறை தண்ணீர்?

"எப்பவுமே இப்படியா?"
"இல்லையே. போன வாரம் மூணு நாள்
போர்வை தேடினோம்."
"அந்த மூணு நாளும் என்ன செஞ்சீங்க?"
"ஒண்ணும் செய்யலை."
ஒன்றும் செய்யாதபோது சரியாகிற பழுதை
எந்த ஸ்பேனர் போட்டுத் திருகுவது?

அப்போது இரண்டாவது போன்.
"ஓடுது, ஆனா குளிரலை. கண்டனூர்."
தெரு கேட்டேன். நான் நிற்கும் தெரு.
கதவு எண் கேட்டேன். நான் நிற்கும் வீடு.
"வடக்குப் பங்கு" என்றார் வயிரவன்.
"தெற்கே இருக்கிறவங்ககிட்ட கேக்காம
பின்வாசல் வழியா வாங்க."

வடக்கிலும் கழுவிய பில்டர், இறுகிய நட்டு.
"போன வாரம் எப்படி?"
"யாருக்குத் தெரியும்? மூணு நாள்
மதுரையில கல்யாணம்" என்றார் சிகப்பி.

நான் சந்துக்குள் போனேன்.
நாலடி அகலம், தலைக்கு மேல் ஒரு கோடு வானம்.
இந்தச் சுவரில் அண்ணன் மெஷின்,
அந்தச் சுவரில் தம்பி மெஷின்,
மூஞ்சிக்கு மூஞ்சி.
இவன் விடும் அனலை அவன் இழுக்கிறான்,
அதற்குமேல் சுட்டு இவனுக்கே ஊதுகிறான்.
கிளாம்ப் மாட்டினேன், ஒன்பது ஆம்ப்ஸைத் தாண்டி நின்றது.
என் சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது.

"ஒண்ணைக் கழட்டி மாடிக்கு ஏத்தணும்.
ஆயிரத்து ஐநூறு, அரை நாள் வேலை."
"அவன் ஏத்தட்டும்" என்றது தெற்கு.
"அவர் ஏத்தட்டும்" என்றது வடக்கு.
பிறகுதான் தெரிந்தது,
யார் நினைத்தாலும் முடியாது.
சந்து யாருடையது என்று
தேவகோட்டைக் கோர்ட்டில் கேஸ்.
தீர்ப்பு வரும்வரை உள்ளது உள்ளபடி.
ஒரு போல்ட்டைத் தொட்டாலும் வக்கீல் நோட்டீஸ்.

பில்லில் 'பழுது' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல் கோடு போட்டேன்.
இரண்டு வீட்டிலும் விசிட்டிங் சார்ஜ் வாங்கினேன்.
பொய் சொல்லவில்லை, இரண்டாவது முந்நூறை
எண்ணும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பத்து நாள் கழித்து அடுத்த தெருவில் ஒரு சர்வீஸ்.
கால் சும்மா இருக்காமல் சந்துப் பக்கம் திரும்பியது.
இரண்டு மெஷினுக்கும் நடுவே
சரிவாக ஒரு பிளெக்ஸ் போர்டு,
மரச்சட்டத்தோடு, கயிற்றில் கட்டி.
அவர்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு
எப்போதோ அடித்தது.
அதில் அண்ணனும் தம்பியும் பட்டு வேட்டியில்
கைகூப்பி எல்லாரையும் வருக வருக என்கிறார்கள்.
தெற்கத்தி அனல் அதில் மோதி மேலே போகிறது.
வடக்கத்தி அனல் பின்பக்கம் மோதி மேலே போகிறது.

"யாரு வச்சது?"
"தெரியலையே" என்றார் உமையாள்.
"தெரியலையே" என்றார் சிகப்பி, மறு ஜன்னலில்,
அதே நொடியில்.
போர்டில் ஆணி அடிக்கவில்லை.
சுவரில் ஒரு கீறல் கிடையாது.
ஓரகத்திகள் தீர்ப்பைப் படித்திருக்கிறார்கள்.

கிளாம்பை எடுத்து மாட்டினேன்.
ஆறு புள்ளி எட்டு.
வெயிலில் சாத்தப்பன் முகம் மட்டும்
கொஞ்சம் வெளுத்திருந்தது.