உப்பு போக

இன்று பள்ளி இல்லை.
ரிம்மாவுக்கு மருத்துவமனையில் பகல் வேலை.
ஆகவே நாங்கள் இருவர் மட்டும்:
ஐந்து வயது ஊல்யாவும்
மூன்று மாதமாக அவள் வீட்டில் இருக்கும் நானும்.

வாசலிலேயே சொல்லிவிட்டாள்:
"நீங்க கையைப் பிடிக்க வேண்டாம்.
நானே நடப்பேன்."
நடந்தாள்.
கம்பளிக் காலணிகள் பனியில்
ஆளுக்கொரு திசையில் போகப் பார்த்தன.

தோம்ஸ்கில் ஆறு உறைந்து ஒரு மாதம் ஆகிறது.
மைனஸ் பத்தொன்பது என்கிறது
மருந்துக்கடைப் பலகை.
போன வாரமும் அதையேதான் சொன்னது.

பிர்ச் மரங்களுக்கிடையே யாரோ
பால் அட்டைப்பெட்டியில் சன்னல் வெட்டித்
தொங்கவிட்டிருந்தார்கள்.
உள்ளே ஒரு பிடி பனி, வேறொன்றுமில்லை.
சுற்றிலும் பட்டாணிக் குருவிகள்.
மஞ்சள் மார்பில் கறுப்புப் பட்டை,
வேலைக்குத் தாமதமானவர்கள் கட்டிய டை மாதிரி.
குளிருக்கு உப்பி
கழுத்தில்லாமல் உட்கார்ந்திருந்தன.

சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
"இருங்க" என்று பிடுங்கி
எழுத்துக் கூட்டினாள்.
உ. ப். பு.

"உப்புப் போட்டது. குருவிக்கு ஆகாது.
தமாரா மிஸ் சொன்னாங்க."

கடை இரண்டு நிறுத்தம் தள்ளி.
மன்னித்துக்கொள் என்றேன்,
அவளிடமா கிளைகளிடமா, தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
மூக்கைத் துடைத்தாள்.
ஒரு விதையை வாயில் போட்டு,
கண்ணை மூடிச் சப்பி,
வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்து
சிவப்புக் கையுறையின் மேல் வைத்தாள்.
அடுத்தது.
மூன்றாவதில் நிமிர்ந்தாள்:

"சும்மா நிக்காதே. நீயும் சப்பு."

முதலில் உப்பு வரும்.
பிறகு வறுத்த வாசனை.
பிறகு மரக்கட்டை போல ஒரு ருசியின்மை,
அதுதான் கணக்கு.
"போயிடுச்சா?"
"போயிடுச்சு."
"காட்டு."
வாங்கித் தன் நாக்கில் வைத்துப் பார்த்து
இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள்,
இன்னும் இருக்கிறதாம்.

பனிச்சறுக்கில் வந்த ஒரு பெரியவர் வணக்கம் சொன்னார்.
வாய் நிறைய விதையோடு
நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம்.

ஈர விதைகள் கையுறையோடு உறைந்துபோகும் என்று
இருவருக்கும் தோன்றவில்லை.
குருவிக்கும்தான்.
வந்து அவள் பெருவிரலைப் பற்றிக்கொண்டு
ஒன்றைக் கொத்தி இழுத்தது.
வரவில்லை.
காலை ஊன்றி மறுபடி இழுத்தது.
ஊல்யா மூச்சை எங்கோ வைத்துவிட்டு நின்றாள்.
மூன்றாம் இழுப்பில்
விதையும் வந்தது, கூடவே ஒரு சிவப்பு நூலும்,
நூல் நீள, நீள,
அறுந்ததும் திட்டிக்கொண்டே பறந்தது.

அவள் சிரிக்கவில்லை.
"நூலைத் தின்னுடுமா?"
"தின்னாது. கீழே போட்டுவிடும்."
"எங்கே?"

முழங்கால் நனையும் மட்டும்
பிர்ச் அடியெல்லாம் தேடினோம்.
கிடைக்கவில்லை.

டிராம் தண்டவாளத்தருகே காத்திருந்தபோது
அவள் கை என் கோட்டுப் பைக்குள் இருந்தது.
விதைக்காகத்தான்.
இப்போது உப்போடு தின்றுகொண்டிருந்தாள்.
டிராம் வந்து, நின்று, போன பிறகுதான்
எனக்கு உறைத்தது,
நீ என்று சொன்னது.

மாலையில் ரிம்மா
விளக்கடியில் எங்கள் முகங்களைத் திருப்பிப் பார்த்தாள்.
"இதென்ன, ரெண்டு பேருக்கும் உதடு வெடிச்சிருக்கு?"
நான் வாய் திறக்குமுன்
"குளிர்" என்றாள் ஊல்யா.

ஹீட்டர் மேல் கையுறை காய்கிறது.
பெருவிரல் பக்கம் ஒரு பொத்தல்.
அதை ரிம்மா இன்னும் பார்க்கவில்லை.