எதிர் அறை

சுற்றறிக்கைப் பலகை எங்கள் தெருவில் வீடு வீடாகப் போகும்.
படித்ததற்கு அடையாளமாகச் சின்ன முத்திரை ஒன்று குத்தி
அடுத்த வாசலில் மாட்டிவிட வேண்டும்.
எரியாத குப்பைக்குச் செவ்வாய். வடிகால் சுத்தம் பதினான்காம் தேதி.
அதற்கும் கீழே, காணாமல்போன பூனைக்கு மேலே,
மது நிறுத்தியோர் சங்கம்:
வியாழன் ஆறரை, சமூகக் கூடம், இரண்டாம் மாடி.
காலுறை இல்லாமல் வராதீர்கள்.

முத்திரை குத்தினேன். மாட்டினேன்.
அன்றிரவு மூன்றாவது கோப்பையில்தான்
ஆறரையா, ஏழரையா என்று சந்தேகம் வந்தது.

மறுநாள் நிஷிகாதா வீட்டுக் கதவைத் தட்டி
"குப்பை நாள் மறந்துவிட்டது" என்றேன்.
இருபத்தாறு வருடமாக அதே செவ்வாய்தான்.
அவள் ஒன்றும் கேட்காமல் பலகையை நீட்டினாள்.
நான் கண்ணாடி போடாமல் வந்திருந்தேன்.
அவளே வாசித்தாள். செவ்வாய். வடிகால்.
கொஞ்சம் நிறுத்தி, வியாழன் ஆறரை.
பிறகு பூனை.
அந்த நிறுத்தத்தில் தெரிந்துவிட்டது,
எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான
அந்த மெல்லிய சுவர் எவ்வளவு கேட்டிருக்கிறது என்று.

குஷிரோ துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறேன்.
விடியுமுன் சாளைப் பெட்டிகள், பிறகு குளிர்க் கிடங்கு.
கை நடுங்கினால் குளிர் என்பேன்.
குளிர் இங்கே பாதி வருடம். மீதிப் பாதிக்கு
மூடுபனி இருக்கிறது, யார் கையும் யாருக்கும் தெரியாது.

முதல் வியாழன் கூடத்தைச் சுற்றி நடந்தேன்.
அடுத்த வியாழன் செருப்பு அலமாரி வரை.
மூன்றாம் வியாழன் மாடியேறி
தவறான அறையில் உட்கார்ந்துவிட்டேன்.
ஷோகி ஆடும் கிழவர்கள். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.
அரை மணி நேரம்
ஒரு தேர் மெல்லச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் ஒருவர் தலை தூக்காமலே சொன்னார்:
"எதிர் அறை.
முதல் தடவை எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள்."

எதிர் அறையில் ஆறு பேர், பாய்த் தரை, பார்லித் தேநீர்.
சட்டம் ஒன்றுதான்: சொல்வதோடு சரி, கேட்பதோடு சரி.
பதில் கிடையாது. புத்திமதி கிடையாது.
ஐயோ என்றுகூடக் கிடையாது.

ஓகுனிக்கு இரண்டு விரல் இல்லை.
இழுவலை தின்றுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.
"சாகே தின்றது. வலை சும்மா பக்கத்தில் இருந்தது."
நாங்கள் தேநீரைப் பார்த்தோம்.

அடுத்து ஷிமா. அவள் ஒரு சொட்டும் குடித்தவளில்லை.
கணவனுக்குத் துணையாக வந்தவள்.
அவன் மூன்றாம் வருடம் போய்விட்டான்,
நிறுத்தியதை ஈரல் நம்பவில்லை.
அதன் பிறகும் எட்டு வருடமாக வருகிறாள்.
"வியாழக்கிழமை வீட்டிலேயே இருந்தால்
அவர் மட்டும் தனியாக இங்கே வந்திருப்பதாகத் தோன்றுகிறது."

என் முறை.
பெயர் மிட்சுயோ என்றேன். மகளைப் பற்றி,
அவள் சப்போரோவுக்கு இழுத்துப்போன பெட்டியைப் பற்றி
பெரிதாக ஏதோ தயார் செய்திருந்தேன்.
வாயில் வந்தது காடிப் புட்டி.

"அடுப்புக்குக் கீழே, காடிப் புட்டியில்
சாராயம் ஊற்றி வைத்திருப்பேன்.
ஒருநாள் மகள் அதை எடுத்து
வெள்ளரிக்காய் ஊறவைத்துவிட்டாள்.
ஒரு வாய் தின்றாள். என்னைப் பார்த்தாள்.
காடி கெட்டுப்போச்சு போல, என்றேன்.
பதினோரு வயது.
தட்டு முழுவதையும் தின்று முடித்தாள்."

யாரும் அசையவில்லை.
எதிர் அறையில் ஒரு காய் டக்கென்று பலகையில் விழுந்தது.
அடுத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அடுப்பின் கீழ் குனிந்தேன்.
புட்டியில் முக்கால் இருந்தது.
கொட்டவில்லை. குடிக்கவுமில்லை.
மூடியை இறுக்கி, கதவோரம் வைத்தேன்.
கண்ணாடி, எரியாத குப்பை.

இன்று வியாழன்.
செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.