செதில்

நண்டு வேண்டாம் என்றாள். இறால் வேண்டாம்.
கணவாய், திருக்கை, கெளுத்தி, எதுவும் வேண்டாம்.
சுறாப்புட்டு என்றால் மண்டபமே நாவூறும்,
அந்தச் சுறாவும் வேண்டாம்.
கூடையை இறக்கியது வீண் என்று
சும்மாட்டைத் திரும்பச் சுற்றினேன்.

"செட்டை இருக்கணும்க்கா. செதில் இருக்கணும்.
சுரண்டினா கையோட வரணும்."
விளைமீன் ஒன்றைத் தூக்கி
வாலிலிருந்து தலைக்கு நகத்தால் ஒரு கீறு.
வெள்ளிப் பொட்டாக ஒன்று தெறித்து
அவள் மணிக்கட்டில் ஒட்டியது.
அதைத் துடைக்காமலே விலை பேசினாள்
சிப்போரா, கொச்சிக்காரி,
பாசி ஆராய்ச்சிக்கு வந்து பக்கத்து வீட்டில் இருப்பவள்.
பகலெல்லாம் கண்ணாடித் தொட்டியில்
பாசிக்குள் ஒளியும் நண்டுக்குஞ்சுகளை
எண்ணி எழுதுவது அவள் வேலை.
"தொடலாம். தின்னத்தான் கூடாது."

அந்த வருசம் பெரிய வியாழனுக்கு முந்தின நாள்
அவளுக்குப் பாஸ்கா.
எங்கள் கோயிலிலும் அதே சொல்தான்,
எங்களுக்கு இன்னும் மூன்று இரவு இருந்தது.
கீழக்கரையில் நோன்புக் கடைகள்;
பேரீச்சை அங்கிருந்து வந்தது.
கறிக்கடை ஜமீல் ஆட்டுக்கால் எலும்பைச் சும்மாவே நீட்டினான்,
"நாங்களும் பேர் சொல்லித்தான் அறுக்கிறோம்."
அவள் கைகூப்பினாள். வாங்கவில்லை.
எலும்பு இருக்கவேண்டிய இடத்தில்
காய்ந்த பனங்கிழங்கைத் தணலில் கருக்கி வைத்தாள்.
பார்த்தால் எலும்புதான்.

முந்தின இரவு மெழுகுவத்தியோடு
மூலை மூலையாக ரொட்டித்தூள் தேடியவளைப் பார்த்து
பொங்கி வழிந்த என் இட்லி மாவை
ஓடிப்போய் மறைத்தேன்.
சிரித்தாள். "அரிசி எங்க வீட்டுல கணக்கில்லக்கா,
கோதுமைதான் குற்றவாளி."
ஆனாலும் அரிசியை மூன்று தடவை புடைத்துப் பொறுக்கினாள்.

ரொட்டிக்குப் பதினெட்டு நிமிசம்.
மாவில் தண்ணீர் பட்ட நொடியில்
போனை என் கையில் திணித்தாள்.
எண்ணுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதே என்றாள்.
பதினாறில் கடைசி ரொட்டி இறங்கியது,
ஓட்டுச்சில்லு போல, ருசியே இல்லாமல்.
புளிக்கக் காத்திருக்க நேரமில்லாமல்
ஓடினவர்கள் சுட்டதாம்.
எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.
மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு
வறுத்த மாப் பொட்டலத்தோடு முகாமுக்கு நடந்தவர்களுக்கு
தண்ணீர்க் குடம் எடுத்துப் போயிருக்கிறேன்.

வாலிநோக்கத்து உப்பில் கரைத்த கண்ணீர்.
கசப்புக்கு என் மரத்து வேப்பம்பூ.
எதை எதில் தொடுவது என்று தெரியாமல்
வேப்பம்பூவைப் பேரீச்சைப் பாகில் தோய்த்தேன்.
"அதேதான்!" என்றாள், தேர்வில் நான் ஜெயித்ததுபோல.

கடல் பிளந்த கதை எனக்குத் தெரியும்.
வருசா வருசம் நடுச்சாமத்தில்
மெழுகு விரலைச் சுட நின்று கேட்பதுதான்.
மூடிய கடலைப் பற்றி நான் யோசித்ததில்லை.
அவள் உலர்திராட்சைச் சாற்றில் விரல் நனைத்து
தட்டில் ஒரு துளி விட்டாள். இன்னொன்று.
எகிப்துக்காரன் செத்தாலும்
நம் கிண்ணம் கொஞ்சம் குறையணுமாம்.
பத்து விட்டாள்.
பதினொன்றை நான் விட்டேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

ஒரு கிண்ணம் மட்டும் யாரும் தொடாமல் நிறைந்து நின்றது.
"இது?"
"வரப்போறவருக்கு. கதவைத் திறந்து வைக்கணும்."
"எப்பவாவது வந்திருக்காரா?"
"இதுவரைக்கும் இல்ல."

வள்ளம் மட்டும் தனியாகக் கரை வந்த வீடு எங்களுடையது.
அண்ணன் தட்டை இன்னும் கவிழ்க்கவில்லை.
வெளியே முழுநிலா, ஏறின தண்ணீர்,
காற்று கதவைத் தள்ளித் தள்ளிச் சாத்தியது.
எழுந்து போய்
மீன்கூடையை இழுத்து
முட்டுக்கொடுத்தேன்.