மூன்றாவது பத்தி

தயாளா,
விடிகாலை நாலேகாலுக்கு நீ லிஸ்பனில் இருந்தாய்.
பை போயிற்று, பாஸ்போர்ட் போயிற்று,
விடுதிக்காரன் அறையைப் பூட்டிவிட்டான்.
நாற்பதாயிரம் ரூபாய், இன்றைக்குள்.
திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுவாய்.

ரோஸ் ஹில்லில் மழை.
கடை ஷட்டரைத் தூக்குமுன்னே
கணக்கில் மீதி எவ்வளவென்று பார்த்துவிட்டேன்.
மறைப்பானேன்,
கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை.

அப்புறம்தான் கண் விழித்தது.
ரொட்ரிக் தீவுக்கே கப்பலில் போய்
வழியெல்லாம் வாந்தியெடுத்து
திரும்பும்போதும் கப்பலிலேயே வந்தவன்
எந்த விமானத்தில் ஏறினாய்?
போனும் தொலைந்தது, அழைக்க வேண்டாம் என்கிறாய்.
யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாய்.
மாயேபூரில் உன் தலைவலிகூட
மீன் சந்தைக்குத் தெரிந்த பிறகுதான்
உனக்கே தெரியவரும்.
பதில் பொத்தானை அழுத்தினேன்.
உன் முகவரியின் வாலில்
ஓர் எழுத்து கூடுதலாக முளைத்தது,
ஒட்டுப்போட்ட டயரின் புடைப்பு மாதிரி.

பிறகு அந்த மொழி.
இஸ்திரி போட்ட பிரெஞ்சு,
வரிக்கு வரி தாங்கள், தங்களுக்கு.
"அன்புள்ள கேசவன் அவர்களே."
பள்ளிக்கூட நாளிலிருந்து உன் வாயில் நான் பிஸ்தாஷ்,
கால்சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை இருந்ததால்.
பணம் வேண்டுமென்றால் நீ கேட்பதில்லை,
கையை நீட்டி விரலைச் சொடுக்குவாய்.
இருவருமாய் டால் பூரி வண்டி வாங்கியபோதும் அப்படித்தான்.
அதை விற்ற அன்று
என் பங்கைப் பற்றிப் பேச்செடுத்ததும்
எழுந்து போனாய். அதுவும் அப்படித்தான்.

மூன்றாவது பத்தியில் இருக்கிறது:
"முன்பு தங்கள் மனம் நோக நடந்திருந்தால்
என்னை மன்னித்துவிடுங்கள்."

அங்கேதான் சந்தேகமறத் தெரிந்தது,
இது நீ இல்லை.

நாலு வருஷமாய் நான் காத்திருந்த வாக்கியத்தை
எந்த ஊர்த் திருடனோ
எத்தனை பேருக்கோ ஒன்றுபோல் அடித்து அனுப்பியிருக்கிறான்.
யாரோ ஒருவர் சட்டைக்கு
அளவு சரியாக இருக்குமென்று அவனுக்குத் தெரியும்.

உன் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.
"அலோ."
பின்னால் பாத்திரம், நாய், யாரோ யாரையோ திட்டுவது.
"பிஸ்தாஷ்! நீ பதினோராவது ஆளு.
மச்சினி பதினஞ்சாயிரம் அனுப்பிட்டா,
வீட்ல ஒரே பூகம்பம்.
நீ எவ்ளோ அனுப்பின?"
"ஒண்ணும் அனுப்பல."
"தெரியும்" என்றாய்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மழை மட்டும்.
"பாஸ்வேர்டை மாத்து. பேங்குக்குச் சொல்லு.
மச்சினியைத் திட்டாதே."
"ம்."
பிறகு கேட்டாய்,
"லிஸ்பன்ல நான் எப்படிடா இருந்தேன்?"
"ரொம்ப மரியாதையா."

சிரித்தாய்.
வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல்
பட்டென்று வைத்தாய்.
அதில்தான் ஆள் நீயே என்று உறுதியாயிற்று.

பகலெல்லாம் ஆணி நிறுத்தேன், பெயின்ட் கலந்தேன்.
இரவு பெட்டியிலிருந்த குப்பை மெயிலெல்லாம் துடைத்தேன்.
அந்த ஒன்று மட்டும் இன்னும் கிடக்கிறது.
மூன்றாவது பத்தி வரை படிப்பேன்.
அதற்குக் கீழே
வங்கி எண்.