கைமாற்று

தொண்டி பஸ் கண்டக்டர் சாத்தையாவின்
வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
இருபத்தாறு வருடம் டிக்கெட் கிழித்த விரல்.
மெஷின் வந்த பிறகும்
காய்ப்பு போகவில்லை.

தேவகோட்டை, பகல் பன்னிரண்டே கால்.
பித்தப்பை கிண்ணத்தில் கிடக்கிறது, கற்களோடு.
டாக்டர் அருள்சகாயம் கையுறையைக் கழற்றியாயிற்று.
"மூச்சு வருதே, ட்யூபை எடுங்க மேடம்.
அடுத்த ஹெர்னியா ராத்திரியிலருந்து பட்டினி."

வருகிறதுதான்.
மூச்சு எப்போதும் முதல் ஆளாக வந்துவிடும்.
பின்னால் வரவேண்டியவர்கள் எங்கே என்று
அது சொல்லாது.

மணிக்கட்டில் இரண்டு ஒட்டுத்தகடு.
கருவியின் பாட்டரி செத்திருந்தது.
ஜெனரேட்டர் பார்க்க வந்த சிக்கந்தர்
மல்டிமீட்டரின் முதுகைத் திறந்து
ஒன்பது வோல்ட்டைக் கழற்றித் தந்தான்.
"கைமாத்துதான்க்கா. சாயங்காலம் வேணும்."

நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன்.
காலை பத்தரைக்கு, எழுத்தில்லை சாட்சியில்லை,
இந்த மனிதரின் தசை முழுக்க:
இமை, தொண்டை, விலா இடுக்கு,
விசில் ஊதும் கன்னம்.

பொத்தானை அழுத்துகிறேன்.
ஒன்று. இரண்டு. மூன்று, சோர்வாக.
நாலாவது, துடித்ததா, நான் நினைத்துக்கொண்டேனா.

நியோஸ்டிக்மினை ஏற்றினேன்,
இதயம் படுத்துவிடாமலிருக்கத் துணைக்கு ஒன்று.
அது சீட்டில் உட்கார்ந்தவனை எழுப்பி விடாது.
நம் ஆட்களைப் படிக்கட்டில் நெருக்கியடிக்கும்,
புழுக்கம் தாளாமல்
அவனாக இறங்கும்வரை.
நேரமாகும்.

பையின் உள்ளறையில் சுகமாடெக்ஸ் ஒன்று இருக்கிறது.
ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்து இறக்கிவிடும்,
மூன்று நிமிடத்தில் பஸ் காலி.
விலை, சாத்தையாவின் ஒரு வாரச் சம்பளம்.
அவசரத்துக்கு வைத்திருக்கிறேன்.
டாக்டரின் அவசரம் அதில் சேராது.

முதல் துடிப்பு ஒரு ரூபாய் என்றால்
நாலாவது தொண்ணூறு காசாவது தரவேண்டும்.
என் விரலுக்குத் தெரிவது நாற்பது காசுவரை.
அதற்குமேல் எல்லாமே ரூபாயாகத்தான் தோன்றும்.

அப்படித் தோன்றிய ஒரு நாள், பள்ளத்தூரில்.
உமையாள், கர்ப்பப்பை.
ட்யூபை எடுத்தேன்.
தாடை விழுந்தது.
ஏற வேண்டிய மார்பு உள்ளே குழிந்தது.
அதற்கு முன் ஒரு நிமிடம்
"அழகாத் தூங்குறாங்க" என்றது யாருமில்லை, நான்தான்.
மாஸ்க், பை, மறுபடி ட்யூப்.
பிழைத்தாள்.

மறுநாள் சொன்னாள்:
"தூங்கல டாக்டர்.
இமையத் தூக்க முடியல.
நெஞ்சு மேல நெல்லு மூட்டைய அடுக்குன மாதிரி.
நீங்க ஃபீஸ் பேசிக்கிட்டு இருந்தீங்க,
ஐயாயிரமா ஆறாயிரமான்னு."

ஆறாயிரம்.
வாங்கிக்கொண்டேன்.

"நாச்சம்மை மேடம்..."
"வரல சார்."
"எது வரல?"
"பாக்கி."

நாலும் சமமாக விழுந்த பிறகும்
கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம்.
டாக்டர் இரண்டாவது டீ குடித்தார்.
ஹெர்னியாக்காரரின் மனைவி கதவிடுக்கில் பார்த்துப் போனாள்.
வாயுவை மூடினேன்.

சாத்தையா, கண்ணைத் திறங்க.
திறந்தார். மூடவில்லை.
தலையைத் தூக்குங்க.
ஒன்று, இரண்டு,
(கழுத்து நடுங்கவில்லை)
மூன்று, நாலு, ஐந்து.
மரக்குச்சியைப் பல்லிடுக்கில் வைத்து இழுத்தேன்.
விடவில்லை.
சில்லறை விஷயத்தில் கண்டக்டர்கள் விடுவதில்லை.

ட்யூபை எடுத்தேன்.
இருமினார், காறினார்,
தன் எச்சிலைத் தானே விழுங்கினார்.
இதைவிடப் பெரிய காரியத்தை
இந்த அறையில் இன்று யாரும் செய்யவில்லை.

ஹெர்னியாவுக்கும் வேண்டும், அதற்குப் பிறகு சிசேரியனுக்கும்.
சாயங்காலம்தான் பாட்டரியைத் தந்தேன்.
சிக்கந்தர் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தான்.
முகம் சுளித்தது.
"இருக்குக்கா" என்றான்.