வயதெல்லை

வர்த்தமானியில் நாலு வரிதான்.
சட்டத்தரணிகள் தேவை. வெற்றிடம் ஆறு.
பதிவுத் தபாலில் மட்டும்.
முடிவுத் திகதி வெள்ளி.
வயது முப்பத்தைந்துக்கு மேற்படலாகாது.

அந்த வெள்ளிக்கு எனக்கு
முப்பத்தைந்தும் பதினொரு நாளும்.

மாங்குளம் தபாற்கந்தோர் வாங்கில்
படிவத்தைத் தொடையில் வைத்து நிரப்புகிறேன்.
முழுப்பெயர்: தர்மகுலசிங்கம் எழில்வதனி.
உயர்தரம்: ஆண்டு?
என் வகுப்பு எழுதவேண்டிய வருசம்
மாத்தளன் மணலில் நாங்கள் பங்கர் வெட்டினோம்.
வெட்ட வெட்டச் சரிந்தது.
கல்வியில் இடைவெளி இருப்பின் காரணம்:
இரண்டு விரல் அகலத்தில் ஒரு பெட்டி.

போன செவ்வாய் முல்லைத்தீவு நீதிமன்றில்
நல்லைநாதனின் ஒட்டுசுட்டான் காணிக்காக
எழும்பி நின்றேன்.
இடம்பெயர்ந்திருந்த காலத்தை
எதிராளியின் ஆட்சிக் கணக்கில் சேர்க்கமுடியாது, கனம் நீதிபதி அவர்களே.
ஏற்றுக்கொண்டார்.
ஒரு வசனத்தில் அத்தனை வருசமும் கழிந்தன.
வெளியே மனுசன் ஒரு பொதி நீட்டினார்.
"மரை வத்தல், பிள்ளை."
கேட்காததுபோல் பைக்குள் வைத்தேன்.

காணிக்குக் கழித்துத் தந்தார்கள்.
பிறந்த திகதிக்கு
எந்தப் பிரிவின் கீழ் மனுப்போடுவது?

பெட்டிக்குள் 'இணைப்பு அ' என்று எழுதினேன்.
தனித்தாளில்
கனம் என்று தொடங்கி, வெட்டி,
ஐயா என்று மாற்றி,
பதினொரு நாளைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.

மூன்று ஐம்பத்தைந்து.
தபால்காரப் பெடியன் துண்டைக் கிழித்துத் தந்தான்.
முத்திரையில் திகதி மங்கல்.
இன்னொருக்கா குத்தச் சொன்னேன்.